சைகோன் டிஸ்ட்ரிக்ட் 4 சந்துக் கடைங்க: நத்தை, நொய் சோறு, குடல் குழம்பு. போறவங்க இங்க வந்து கேளுங்க

நூல்கண்டு

வணக்கங்க. நான் திருப்பூர், பனியன் ஏற்றுமதில குவாலிட்டி பாக்கற வேலை, அதுக்காக வியட்நாம்ல சைகோன்ல (ஹோ சி மின் சிட்டி) ஒன்றரை வருஷம் தங்கியிருந்தேன். இப்ப ஊருக்கு வந்து ஆறு மாசம் ஆச்சு. யாராவது வியட்நாம் போய்ட்டு வந்தா பென் தான் மார்க்கெட், பூய் வியென் தெரு, ரெண்டு நாள்ல கிளம்பிட்டோம், சாப்பாடு சப்புனு இருந்துச்சுங்கறாங்க. கேக்கறப்ப எனக்கு மனசு தாங்கலைங்க. அதுக்குத்தான் இந்த இழை.

நான் சொல்ல வர்றது ஒண்ணே ஒண்ணு. பத்து இடம் லிஸ்ட் போட்டுட்டு வண்டில ஓடாதீங்க, ஒரே ஏரியாவ எடுத்துக்கங்க, காலைல ஒரு தடவை, மத்தியானம் ஒரு தடவை, ராத்திரி ஒரு தடவைன்னு மூணு நாள் அதே சந்துங்கள்ல நடங்க. ஏன்னா அங்க ஒரே வாசப்படில காலைல ஒருத்தர் நொய் சோறு விப்பாரு, பதினோரு மணிக்கு அவரு எடுத்து வச்சுட்டுப் போனதும் வேற ஒருத்தர் வந்து நூடுல்ஸ் போடுவாரு, சாயங்காலம் அதே இடத்துல மூணாவது ஆள் நத்தை வேக வச்சிட்டு இருப்பாரு. ஒரு தடவை போய்ட்டு வந்தவருக்கு அது ஒரு கடை, நடந்து பாத்தவருக்கு மூணு கடை.

எனக்குத் தெரிஞ்ச ஏரியா டிஸ்ட்ரிக்ட் 4. அவங்க பாஷைல குவன் தூ. சைகோன் ஆறு ஒரு பக்கம், பென் ஙே கால்வாய் ஒரு பக்கம், இன்னொரு கால்வாய் மூணாவது பக்கம்னு சுத்தியும் தண்ணி, நடுவுல தீவு மாதிரி சின்ன இடம், மொத்தமே சுமார் 4 சதுர கிலோமீட்டர் தான். கான் ஹோய் பாலம் ஏறி இறங்கினா வந்துரும், டவுன் மையத்துல இருந்து பைக் டாக்சில பத்து நிமிஷம். பழைய துறைமுகம் இங்கதான். 1911-ல வியட்நாம் விடுதலைத் தலைவர் ஹோ சி மின் கப்பல் ஏறினது இங்க இருக்கற ஞா ரோங் துறைல இருந்து தான், அதுவும் கப்பல் சமையக்கட்டுல எடுபிடி வேலைக்கு. மூட்டை தூக்கறவங்க, கப்பல்காரங்க, வெளி மாகாணத்துல இருந்து பொழைக்க வந்தவங்க, எல்லாம் நெருக்கியடிச்சு குடியிருந்த இடம், அதனால ராத்திரி எந்நேரமும் சாப்பாடு கிடைக்கணும், சல்லிசா கிடைக்கணும், வயிறு நிறையணும். இந்தத் தெருச் சாப்பாடு அப்படி வளந்ததுங்க.

2025 ஜூலைல இருந்து டிஸ்ட்ரிக்டையே எடுத்துட்டாங்க. இப்ப அது சோம் சியூ, கான் ஹோய், வின் ஹோய்னு மூணு வார்டு. ஆனா ஆட்டோமேட்டிக்கா எல்லார் வாயிலயும் குவன் தூ தான் வரும், நீங்களும் அப்படியே கேளுங்க.

கேள்வி இருந்தா கேளுங்க, தெரிஞ்சதை எல்லாம் சொல்றேன்.

ரசம்சாதம்

அண்ணா அருமையான இழை. ஆனா அது ரௌடி ஏரியான்னு யூட்யூப்ல ஒருத்தர் சொன்னாரே, ராத்திரி போகலாமா? நாங்க நாலு பசங்க பிப்ரவரில போறோம், திருச்சில இருந்து நேரா ஃபிளைட்டு.

நூல்கண்டு

தம்பி, ஒரு காலத்துல பேரு அப்படித்தான். நாம் காம்னு ஒரு பெரிய தாதா இந்த ஏரியாக்காரர் தான், 2004-ல மரண தண்டனை குடுத்து சுட்டுட்டாங்க. அது முடிஞ்சு இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு. நான் ராத்திரி ஒரு மணிக்கு தனியா நடந்து ரூமுக்கு வந்திருக்கேன், ஒரு நாள் கூட பயந்தது இல்லை. பயப்பட வேண்டியது ஃபோனுக்குத் தான், ரோட்டு ஓரமா நின்னு மேப் பாக்கும்போது பைக்ல வந்து பறிச்சுட்டு போய்ருவாங்க, அது சைகோன் முழுக்கவே உண்டு. சந்துக்குள்ள திரும்பி நின்னுட்டு ஃபோனை எடுங்க.

சந்துக்கு அங்க ஹெம்னு பேரு. அட்ரஸ் படிக்கத் தெரிஞ்சா பாதி வேலை முடிஞ்சது. 200/15/3-னு போட்டிருந்தா, மெயின் ரோட்டுல 200-ம் நம்பர் கிட்ட திரும்பற சந்து, அதுக்குள்ள 15-ம் நம்பர் கிட்ட பிரியற குட்டிச் சந்து, அதுல மூணாவது வீடு. கோடு எத்தனை இருக்கோ அத்தனை தடவை திரும்பணும். கோடு கூட இருக்கற அட்ரஸ்ல இருக்கற கடைல தான் பெரும்பாலும் சாப்பாடு நல்லாருக்கும், இது என் அனுபவம். வாடகை கம்மி, சொந்த வீட்டு முன் ரூம் தான் கடை, அம்மா சமைப்பாங்க பையன் பரிமாறுவான், அக்கம் பக்கத்து ஆளுங்க தான் கஸ்டமர், ருசி ஒரு நாள் குறைஞ்சாலும் முகத்துக்கு நேரா கேட்டுருவாங்க.

கொள்ளிடத்தான்

நத்தைன்னு தலைப்புலயே போட்டிருக்கீங்க, அதை விவரமா சொல்லுங்க ப்ரோ. எங்க ஊர்ப்பக்கம் வயல் நத்தை சாப்பிடுவோம், மூலத்துக்கு நல்லதுன்னு பாட்டி வறுத்துத் தருவாங்க. அதே நத்தையா?

நூல்கண்டு

வயல் நத்தையும் உண்டு ப்ரோ, ஆனா அங்க நத்தைன்னா அது பெரிய குடும்பம். ஓக்னு சொல்வாங்க, அவங்க வாய மூடி முடிக்கறதுல கேக்க ஓப் மாதிரி இருக்கும். கடல் நத்தை, சதுப்பு நில நத்தை, மட்டி, சிப்பி, நண்டுக்கால் எல்லாமே ஓக் கடைல தான் கிடைக்கும். இதுக்குன்னே வின் கான்னு ஒரு தெரு இருக்கு, ஹுவாங் யியூ ரோட்டுல இருந்து திரும்பணும், ரெண்டு பக்கமும் சாயங்காலம் அஞ்சு மணிக்கு மேல பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டு நடுராத்திரி தாண்டியும் ஓடும்.

முதல் தடவை போறவங்க இப்படி ஆர்டர் பண்ணுங்க.

ஓக் லென் சாவ் யுவா. கருப்பா, நீளமா, கூம்பு மாதிரி சுருண்ட நத்தை, சதுப்புக் காட்டுல கிடைக்கறது. கெட்டித் தேங்காப்பால்ல வதக்கி, ராவ் ராம்னு ஒரு காரமான இலையைக் கிள்ளிப் போட்டுத் தருவாங்க. வால் நுனிய கட்டிங் பிளேயரால நறுக்கி வச்சிருப்பாங்க. கடை ஓரமா ஒரு அக்கா குட்டி ஸ்டூல்ல உக்காந்து, மடில பேசின வச்சுட்டு, இடது கைல நத்தைய பிடிச்சு வலது கைல பிளேயரால டக்கு டக்குனு நுனிய உடைச்சுப் போட்டுட்டே இருப்பாங்க, கண்ணு டிவில இருக்கும், கை மட்டும் நிக்காது. ஒரு தடவை நான் எண்ணிப் பாக்க முயற்சி பண்ணி விட்டுட்டேன். சாப்பிடறது எப்படின்னா, முதல்ல வால் பக்கம் ஒரு உறிஞ்சு, அப்புறம் திருப்பி வாய்ப் பக்கம் ஒரே இழு. தேங்காப்பாலோட சேந்து கறி சல்லுனு வந்து விழும். வரலைன்னா குச்சி வச்சு குத்தாதீங்க, மறுபடி வால் பக்கம் உறிஞ்சிட்டு திருப்புங்க, வந்துரும். மிச்ச தேங்காப்பாலை விட்டுட்டு எந்திரிக்காதீங்க, ஒரு ரொட்டி வாங்கி துடைச்சு சாப்பிடுங்க. எனக்கு அங்க சாப்பிட்டதுலயே இதுதான் முதல் இடம், அடிச்சுச் சொல்வேன்.

சோ தியெப் நுங் மோ ஹான். விசிறி மாதிரி ஓட்டுச் சிப்பி, கரில சுட்டு, மேல வெங்காயத்தாள் தாளிச்ச எண்ணெயும் வறுத்த வேர்க்கடலையும் தூவித் தருவாங்க. பிடிக்காதவங்களே இல்லை.

ஙேவ் ஹாப் சா. மட்டி, எலுமிச்சம்புல் போட்டு ஆவில வேகவச்சது. அதுல ஊர்ற சூப்பைக் குடிக்காம விட்டா பாதி சாப்பாட விட்ட மாதிரி. (ஙே, ஞா எழுத்தெல்லாம் நம்ம அரிச்சுவடியில சும்மா இருக்குன்னு நினைச்சிருப்போம், அங்க போனா மெனு கார்டு பூரா அதுதான். நாம சொன்னா அவங்களுக்குப் புரியுது, வெள்ளைக்காரங்க சொன்னா புரியறது இல்லை.)

ஓக் ஹுவாங். வெள்ளைல காப்பிக்கலர் புள்ளி போட்ட கடல் நத்தை, விலை ஜாஸ்தி, இனிப்பா இருக்கும். வாய்ல ஒரு மூடி மாதிரி தகடு இருக்கும், அதை எடுத்துட்டு குட்டி முள்ளால குத்தி நத்தை சுருண்ட பக்கமாவே கைய சுத்தி இழுங்க, முழுசா வரும்.

தொட்டுக்க உப்பு மிளகு எலுமிச்சை ஒரு கிண்ணம், பச்சை மிளகா அரைச்சது ஒரு கிண்ணம், புளி போட்ட மீன் சாஸ் ஒரு கிண்ணம். எதுக்கு எதைத் தொடணும்னு பக்கத்து டேபிளை பாருங்க, பாக்கறதை பாத்தா அவங்களே வந்து காட்டிக் குடுப்பாங்க.

கொள்ளிடத்தான்

படிக்கும்போதே நாக்கு ஊறுது. எங்க பாட்டி நத்தைய ரெண்டு நாள் தண்ணில போட்டு மண்ணைக் கக்க விட்டுத்தான் சமைப்பாங்க, அங்க எப்படி?

நூல்கண்டு

அதே தான் ப்ரோ. அரிசி கழுவின தண்ணில ஊற வைப்பாங்க, அதுல மிளகாய வெட்டிப் போட்டு வச்சா மண்ணு சீக்கிரம் வெளிய வரும். நல்ல கடைல ஒரு நத்தைல கூட பல்லுல மண்ணு நெருடாது. நெருடினா மறுநாள் அந்தக் கடைக்குப் போகாதீங்க.

கடல்காற்று

மன்னிக்கணும், எனக்கு மாத்துக் கருத்து இருக்கு. நான் 2019-லயும் போனேன், போன வருஷமும் போனேன். வின் கான் தெரு இப்ப பழைய மாதிரி இல்லைங்க. ஸ்பீக்கர் வச்சுட்டு பாடி மிட்டாய் விக்கறவங்க, வாய்ல தீ ஊதறவங்க, லாட்டரி விக்கறவங்கன்னு ஒரு வாய் வைக்கறதுக்குள்ள நாலு பேர் வந்துருவாங்க. விலையும் ஏறிருச்சு. ஒரு கடைல (பேரு வேண்டாம்) மெனுல விலை இடத்துல அன்னைக்கு விலைன்னு மட்டும் போட்டிருந்துச்சு, நாங்களும் கேக்காம நண்டு சொல்லிட்டோம், பில்லைப் பாத்து தலை சுத்திருச்சு. எங்க வீட்டம்மாவுக்கு அன்னைக்கு ராத்திரி பூரா அந்த வருத்தம் தான். உள்ளூர்க்காரங்க போற இடம்னா டிஸ்ட்ரிக்ட் 10-ல ஹோ தி கீ பூ மார்க்கெட்டுக்குப் போங்க, பூக்கடைங்களுக்கு நடுவுல சாப்பாட்டுச் சந்து, பக்கத்துலயே கம்போடியாக்காரங்க மார்க்கெட், பனைவெல்லம் கூட கிடைக்கும்.

நூல்கண்டு

உங்க வருத்தம் நியாயம் தாங்க. விலை போடாத ஐட்டத்தை கேக்காம வாங்கவே கூடாது, கிலோக்கு எவ்வளவுன்னு கேட்டு, கண்ணு முன்னாடி எடை போடச் சொல்லி, மொத்தம் எவ்வளவுன்னு கால்குலேட்டர்ல அடிச்சுக் காட்டச் சொல்லுங்க, யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க. அப்புறம் டேபிள்ல முன்னாடியே வச்சிருக்கற ஈரத்துணி பாக்கெட், வேர்க்கடலை, காடை முட்டை எல்லாம் ஓசி இல்லை, பிரிச்சா காசு. இது ஏமாத்து வேலை இல்லை, அங்க பழக்கமே அப்படி.

ஹோ தி கீ நல்ல இடம் தான், நானும் போயிருக்கேன், ராத்திரி லாரில பூ வந்து இறங்கறதைப் பாக்கவே போகலாம். ஆனா வின் கான் போயிருச்சுன்னு நான் ஒத்துக்க மாட்டேன். சனி ஞாயிறு எட்டு மணிக்குப் போனா நீங்க சொன்ன கூட்டம் இருக்கும். செவ்வா புதன் அஞ்சரைக்குப் போய்ப் பாருங்க. வேலை முடிச்சு யூனிஃபார்மோட வந்த பொண்ணுங்க, பேரப்பிள்ளைய கூட்டிட்டு வந்த தாத்தா, நத்தை அப்பத்தான் வந்து இறங்கியிருக்கும். அதே தெரு தாங்க, நேரம் தான் வேற.

பாரிசுப் பனை

வணக்கம். நான் யாழ்ப்பாணம், இப்ப பாரிஸில இருக்கிறன். இங்க 13-ம் வட்டாரத்தில வியட்நாம் கடையள் நிறைய, அங்க சாப்பிட்டுப் பழகித்தான் போன மார்கழி சைகோனுக்குப் போனனான். எனக்கு ஒரு விசயம் சொல்லோணும். கா ரி எண்டு ஒரு கறி விக்கினம், கோழியும் வத்தாளைக் கிழங்கும் தேங்காய்ப்பாலும் எலுமிச்சம்புல்லும் போட்டு, பாணோட தொட்டுச் சாப்பிடுறது. முதல் வாய் வைச்ச உடன எனக்கு அம்மான்ர சொதியும் கோழிக்கறியும் சேர்ந்த மாதிரி இருந்தது. அந்தச் சொல்லும் எங்கட கறி தானே?

நூல்கண்டு

அதே தாங்கண்ணா. பிரெஞ்சுக்காரங்க காலத்துல புதுச்சேரி, காரைக்கால் ஆளுங்களும், வட்டிக்கடை வச்சிருந்த நாட்டுக்கோட்டை செட்டியார்களும், தமிழ் முஸ்லிம் வியாபாரிகளும் சைகோன்ல நிறைய பேரு இருந்தாங்க. த்ருவாங் தின் ரோட்டுல மாரியம்மன் கோயில் இன்னும் இருக்கு, இப்ப கும்பிட வர்றது பெரும்பாலும் வியட்நாம்காரங்க தான், சாம்பிராணி மாதிரி ஊதுபத்தி கட்டு கட்டா கொளுத்தி, சுவத்துல தலைய ஒட்டி வச்சு வேண்டிக்குவாங்க. தோன் தாத் தியெப் ரோட்டுல தண்டாயுதபாணி கோயிலும் இருக்கு. தோங் யூ ரோட்டு பள்ளிவாசல் 1935-ல தென்னிந்திய முஸ்லிம்கள் கட்டினது. கோயிலுக்கும் பள்ளிவாசலுக்கும் டிஸ்ட்ரிக்ட் 1 போகணும், பாலம் தாண்டினா பக்கம் தான். கறி மட்டும் எல்லா டிஸ்ட்ரிக்ட்லயும் தங்கிருச்சு.

பாரிசுப் பனை

மாரியம்மன் கோயிலுக்குப் போனனான். அங்க பூ விக்கிற ஒரு அம்மாவை நான் ஆன்டி எண்டு கூப்பிட, அவ என்ர வயசைக் கேட்டிட்டு, என்னை எம் எண்டு கூப்பிட்டா. எம் எண்டா தம்பி எண்டு பிறகுதான் விளங்கினது. அவையளும் எங்களை மாதிரித்தான், ஆருக்கும் பேர் சொல்லிக் கூப்பிடுறேல்லை, அண்ணை, அக்கா, தம்பி, மாமி எண்டு முறை வைச்சுத்தான் கதைக்கினம்.

நூல்கண்டு

இதை நான் முதல் போஸ்ட்லயே எழுதியிருக்கணும், நல்ல வேளை நீங்க சொன்னீங்க. கடைல சர்வ் பண்ற சின்னப் பசங்கள எம் ஓய்-னு கூப்பிடணும், தம்பி-ன்ற மாதிரி, பொண்ணா இருந்தாலும் அதே எம் தான். உங்களை விட கொஞ்சம் பெரியவங்கன்னா பொம்பளைக்கு சி ஓய், ஆம்பளைக்கு ஆன் ஓய். அம்மா வயசுன்னா கோ ஓய், இல்லைன்னா யீ ஓய். யீ-ன்னா சித்தி. நான் நொய் சோறு வாங்கற அம்மாவ யீன்னு கூப்பிட ஆரம்பிச்ச மறு வாரத்துல இருந்து, கேக்காமயே ஒரு ஊறுகாக் கரண்டி ஜாஸ்தி விழும்.

பில்லு கேக்க தின் தியென். எவ்வளவுன்னு கேக்க பாவ் ஞியூ. இந்த நாலஞ்சு வார்த்தை போதும், சந்துல எந்தக் கடைக்கும் போகலாம்.

ரசம்சாதம்

அண்ணா நொய் சோறு நொய் சோறுன்னு சொல்றீங்களே அது என்ன? எங்க வீட்ல நொய் கோழிக்குத்தான் போடுவோம்.

நூல்கண்டு

அதே நொய் தான் தம்பி. கம் தாம்னு பேரு. நெல்லு அரைக்கும்போது உடையற குருணைய விக்க முடியாது, அதனால ஏழைங்க பொங்கித் தின்ன சோறு, இப்ப சைகோனோட அடையாளமே அதுதான். குருணை சின்னதா இருக்கறதால சாறு நல்லா இழுக்கும். மேல சூன்னு கரில சுட்ட பன்றி விலாக் கறி, பீன்னு மெலிசா சீவின தோல், சான்னு முட்டையும் கறியும் சேத்து அவிச்ச ஒரு துண்டு, கூட ஊறுகா கேரட், வெங்காயத்தாள் எண்ணெய், இனிப்பா கலக்கின மீன் சாஸ். காலைல ஆறு மணிக்கே கடை வாசல்ல கரி அடுப்ப வச்சு, டேபிள் ஃபேன ரோட்டப் பாத்து திருப்பி விட்டுருவாங்க. புகை ரோடு பூரா அடிக்கும். சந்துல போர்டு இல்லாத கடைய நான் கண்டுபிடிச்சது பாதி அந்தப் புகைய வச்சுத்தான். நான் இருந்தப்ப ஒரு தட்டு 40,000ல இருந்து 60,000 தோங். 1 ரூபாய்க்கு சுமார் 300 தோங்னு வச்சுக்கங்க.

நத்தைத் தட்டு 60,000ல இருந்து 120,000 வரைக்கும், ஓக் ஹுவாங் மாதிரி ஐட்டம் இன்னும் ஜாஸ்தி. நாலு பசங்க வயிறு நிறைய சாப்பிட்டா என்ன ஆகும்னு நீயே கணக்குப் போட்டுக்க.

இன்னொண்ணு, 20,000 தோங் நோட்டும் 500,000 தோங் நோட்டும் ரெண்டுமே நீலம். ராத்திரி தெருவிளக்குல ஒண்ணு மாதிரியே இருக்கும். நான் போன முதல் வாரம் இளநீக்கு 500,000-த்தை நீட்டிட்டு வந்துட்டேன், ரூமுக்கு வந்து பர்ஸை எண்ணும்போது தான் தெரிஞ்சது. சின்ன நோட்டு எல்லாம் சட்டைப் பாக்கெட், பெரிய நோட்டு பேன்ட்ல, கலக்கவே கலக்காதீங்க.

இரவுக்காவலன்

குடல் குழம்புன்னு போட்டீங்களே அதைப் பத்தி ஒண்ணும் காணோம்?

நூல்கண்டு

ஃபா லாவ்னு பேருங்க. தியோச்சூ சீனர்ங்க கிட்ட இருந்து வந்தது. மாட்டுக் குடல், வயிறு, நுரையீரல் எல்லாத்தையும் சுத்தம் பண்ணி, பட்டை அன்னாசிப்பூ மசாலா போட்டு, தேங்காப்பால்ல மணிக்கணக்கா கொதிக்க விடறது. ஆரஞ்சுக் கலர்ல இருக்கும். சோம் சியூ ரோட்டுல 200-ம் நம்பர் ஹெம், அப்புறம் தோன் தான் ரோடு, இந்த ரெண்டும் இதுக்குப் பேர் போனது. மத்தியானம் ரெண்டு மூணு மணிக்கு மேல போங்க. ஸ்கூல் விட்ட பிள்ளைங்க யூனிஃபார்மோட குட்டி ஸ்டூல்ல உக்காந்து ரொட்டிய முக்கி முக்கி சாப்பிடும். துண்டை புளி மீன் சாஸ்ல தொட்டு சாப்பிடணும். நம்ம ஊர் போட்டிக் குழம்பு பிடிச்சவங்களுக்கு இது பிடிக்கும், ஆனா காரம் எதிர்பாக்காதீங்க, இனிப்பு தூக்கலா இருக்கும். பெரும்பாலும் மாடு தான், மாடு சாப்பிடாதவங்க பாத்துக்கங்க.

சோம் சியூன்னா பாய் நெய்யற குடியிருப்புன்னு அர்த்தம். ஒரு காலத்துல அங்க கோரைப்பாய் நெஞ்சிருக்காங்க. பத்தமடைக்காரங்க யாராவது இழைல இருந்தா சொல்லுங்க.

மதுரைக்காரி

நான் ரொம்ப நாளா படிச்சிட்டு மட்டும் இருக்கேன், இன்னைக்குத்தான் எழுதுறேன். தை மாசம் அம்மாவக் கூட்டிட்டுப் போறேன். அம்மா சுத்த சைவம், முட்டை கூட கிடையாது, பௌர்ணமி விரதம் வேற. இந்த இழையப் படிச்சா எனக்கு ஆசையாவும் இருக்கு, அம்மாவ நினைச்சா கவலையாவும் இருக்கு. மீன் சாஸ் இல்லாம அந்த ஊர்ல ஒண்ணுமே இல்லையாமே? இண்டியன் ரெஸ்டாரன்ட்லயே மூணு வேளையும் சாப்பிட வச்சுக் கூட்டிட்டு வரணுமா?

நூல்கண்டு

அக்கா கவலையே படாதீங்க. சைவத்துக்கு அங்க சாய்னு பேரு. போர்டுல சாய்னு எழுதியிருந்தா அந்தக் கடைல கறியும் இல்லை மீன் சாஸும் இல்லை. புத்த மதக்காரங்க அவங்க சந்திர மாசத்தோட முதல் நாளும் (அமாவாசைய ஒட்டி வரும்) பௌர்ணமியன்னைக்கும் விரதம் இருப்பாங்க, அன்னைக்கு சந்துல சாதாரணமா கறி விக்கற அம்மாங்களே சாய் சமைச்சு விப்பாங்க. அம்மாவோட விரத நாள் தான் உங்களுக்கு நல்ல சாப்பாட்டு நாள். நாள் பாத்து டிக்கெட் போடுங்க. ரொம்ப பேரு பூண்டு வெங்காயம் கூட சேக்க மாட்டாங்க.

சொல்ல வேண்டியது தோய் அன் சாய், அதாவது நான் சைவம். சில இடத்துல முட்டை, பால் சேப்பாங்க, அதுக்கு கோங் த்ருங், முட்டை வேண்டாம்னு அர்த்தம்.

ஒண்ணே ஒண்ணு முன்னாடியே அம்மாகிட்ட சொல்லி வைங்க. சாய் கடைல சோயாவுலயும் தோஃபுலயும் மீன், விலாக் கறி, இறால் மாதிரியே செஞ்சு வச்சிருப்பாங்க. பாத்தா அச்சு அசல் கறி. பயந்துருவாங்க.

இரவுக்காவலன்

குழந்தைய கூட்டிட்டுப் போனா வயித்துக்கு ஒத்துக்குமா? ஐஸ் போட்டுத்தான் எல்லாத்தையும் குடுக்கறாங்க.

நூல்கண்டு

நடுவுல ஓட்டை போட்ட உருளை ஐஸ்னா ஃபேக்டரி ஐஸ், நான் தினமும் குடிச்சேன் ஒண்ணும் ஆகலை. கட்டிய உடைச்சுப் போட்ட ஐஸ்னா வேண்டாம்னு சொல்லிருங்க. குழந்தைக்கு முதல் ரெண்டு நாள் பச்சை இலைங்கள தவிர்த்துட்டு கண்ணு முன்னாடி கொதிக்கறதை மட்டும் குடுங்க. ஒரே ஒரு ஐட்டம் மட்டும் விக்கற கடையா பாருங்க, சட்டி காலியாச்சுன்னா அவங்க வீட்டுக்குப் போய்ருவாங்க, பழசு நிக்கவே நிக்காது.

கடல்காற்று

காப்பி பத்தி யாரும் எழுதலையே. துணில வடிகட்டற காப்பிய விட்டுறாதீங்க, நம்ம டீக்கடைல துணிப் பை வச்சு ஆத்தற மாதிரியே, மண்பானைல சூடு பண்ணி வைப்பாங்க. டிஸ்ட்ரிக்ட் 3-ல சேவ் லேவ்னு ஒரு கடை 1938-ல இருந்து இருக்கு. பால் தூக்கலா, டிகாஷன் கொஞ்சமா வேணும்னா பாக் சீவ்னு சொல்லணும்.

நூல்கண்டு

இதுல உங்க கட்சி நானும்.

மதுரைக்காரி

எல்லாருக்கும் வணக்கம், போய்ட்டு வந்துட்டோம். நேத்துத்தான் ஊர் வந்து சேந்தோம், துணி கூட இன்னும் துவைக்கலை, முதல்ல இதை எழுதிரணும்னு உக்காந்துட்டேன்.

நூல்கண்டு தம்பி சொன்ன மாதிரி பௌர்ணமிக்கு முதல் நாளே போய்ச் சேந்தோம். மறுநாள் காலைல சோம் சியூ மார்க்கெட் பக்கம் நடந்தோம். ஒரு சந்துல ஒரு வீட்டு வாசல்ல நாலு ஸ்டூலு, ஒரு கண்ணாடிப் பெட்டி, அட்டைல சாய்னு கைல எழுதி வச்சிருந்துச்சு. உள்ள நொய் சோறும் மேல வைக்க விலாக் கறியும் இருக்கு. நான் முன்னாடியே சொல்லி வச்சும் அம்மா பாத்ததும் எந்திரிச்சுட்டாங்க, இது கறி தான், எலும்பு தெரியுது பாருன்னு. எனக்கு பாஷை தெரியாது, தோய் அன் சாய்னு நாலு தடவை சொல்றேன். அந்தக் கடை அம்மா (எங்கம்மா வயசு தான் இருக்கும்) என்ன விஷயம்னு புரிஞ்சுக்கிட்டு, அந்தத் துண்டைக் கைல எடுத்து அம்மா முன்னாடி ரெண்டா பிச்சுக் காட்டுனாங்க. உள்ள அடுக்கு அடுக்கா சோயாப் பால் ஏடு. எலும்புன்னு அம்மா நினைச்சது எலுமிச்சம்புல் தண்டு, எலும்பு மாதிரி தெரியணும்னு சொருகி வச்சிருக்காங்க. அம்மா அதை மோந்து பாத்துட்டு, வாங்கி வாய்ல போட்டுட்டு, திரும்ப உக்காந்தவங்க தான். ரெண்டாவது தட்டும் கேட்டாங்க. எங்கம்மா ரெண்டாவது தட்டு கேட்டு நான் பாத்து எத்தனையோ வருஷம் ஆச்சு.

அதுக்கப்புறம் மூணு நாளும் காலைல அங்கதான். மறுநாள் விரத நாள் இல்லைன்னாலும் அவங்க சாய் தான் போட்டாங்க, தினமும் அதுதான் போல. கடைசி நாள் நான் மட்டும் ராத்திரி வின் கான் போய் ஓக் லென் சாப்பிட்டேன், வால் பக்கம் உறிஞ்சிட்டுத் திருப்பணும்னு எழுதியிருந்தீங்களே, மூணாவது நத்தைல பிடிபட்டுருச்சு.

நூல்கண்டு

அக்கா எனக்கு படிச்சதும் ரொம்ப சந்தோஷமா இருக்கு. ஆனா ஒரு சந்தேகம், ஒன்றரை வருஷம் அந்த மார்க்கெட்டை சுத்தி வந்தும் எலுமிச்சம்புல் சொருகின சாய் கடைய நான் பாத்ததே இல்லையே. எந்தப் பக்கம்? ஏப்ரல்ல எனக்கு ஒரு வாரம் வேலை இருக்கு, போகணும்.

மதுரைக்காரி

மார்க்கெட் வாசல்ல நின்னா வலது பக்கம் காய்கறிக்காரங்க வரிசை முடியற இடத்துல ஒரு தையல் கடை, அதை ஒட்டி ஒரு ஆள் மட்டும் போற அகலத்துல சந்து. உள்ள போய் இடது பக்கம் ரெண்டு தடவை திரும்பணும். பச்சைக் கதவு, வாசல்ல கறிவேப்பிலை மாதிரி ஒரு செடி தகர டப்பால வச்சிருக்காங்க. ஒன்பது மணிக்குள்ள போய்ருங்க தம்பி, அதுக்கு மேல கதவு சாத்திருக்கும். போனா, மதுரைல இருந்து அம்மா கேட்டாங்கன்னு சொல்லுங்க, யீன்னு கூப்பிட்டே சொல்லுங்க.